மருத்துவம் மாகாணத்துக்கு, மருந்து கொழும்புக்கோ?

கல்முனை தொட்டுப் பொத்துவில் வரையுள்ள கரையோர ஊர்களிலே யூனானியும் சித்தமும் ஏட்டோடு நின்றுவிட்ட கலைகளல்ல. ஹக்கீமையும் பரிகாரியாரையும் நாடிச் செல்வோர் இன்றும் உளர். நிந்தவூரிலே ஆயுர்வேத வைத்தியசாலையும் உண்டு. இம்மருத்துவ முறைகளின் மஃஜூன், இலேகியங்கள் சிலவற்றிற் கஞ்சாவும் ஒரு சரக்கு. அதனைச் சுத்தி செய்து அளவோடு சேர்க்க வேண்டுமென்பது மருத்துவ விதி.

1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் சுதேச வைத்தியத்தை மாகாண சபைக்குரிய விடயமாக்கிற்று. வைத்தியசாலை அமைக்கலாம், மூலிகைத் தோட்டமும் போடலாம். ஆனால் அத்தோட்டத்தில் எந்தச் செடி நிற்கலாமென்பதைக் கொழும்பே தீர்மானிக்கும்! வெள்ளையர் ஆட்சியில், 1929இல், இயற்றப்பட்ட நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் மத்திய அரசாங்கத்தின் கையில். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின்படி அதிகாரஞ் செலுத்தும் ஆணையாளரும் மத்தியின் உத்தியோகத்தரே. பொலீஸ் அதிகாரமோ காகிதத்தில் மாகாணத்துக்கு வந்தது, நடைமுறையில் வரவேயில்லை. பிடிபட்ட உருண்டை மருந்தா, போதைக்கு விற்கும் மதனமோதகமா என்று சோதிக்கும் பகுப்பாய்வாளர் திணைக்களம் இருப்பதும் பத்தரமுல்லையில்.

விளைவு யாது? வழக்குகளிற் கைப்பற்றப்பட்ட கஞ்சாவே வைத்தியருக்கு வழங்கப்பட்டு வந்தது. அது நான்கைந்து ஆண்டுகள் கிடந்து, வீரியமிழந்த பின்னரே அவர்கள் கைக்கு எட்டுகிறதென்று 2017இல் அன்றைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்னவே ஒப்புக்கொண்டார். சக்கை மருந்தை உண்டு நோயாளி எங்ஙனம் குணமடைவான்? 2025இலோ, ஏற்றுமதிக்கென மீரிகமையில் 64 ஏக்கரிற் கஞ்சா பயிரிட வெளிநாட்டு முதலீட்டாளருக்கு இடமளிக்கப்பட்டது. அன்னியனுக்குத் திறந்த கதவு நம்மூர் ஹக்கீமுக்கு மட்டும் ஏன் அடைத்துக் கிடக்கிறது?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 1996இல் மருத்துவக் கஞ்சாவை அனுமதித்தது. 2005இல் உச்ச நீதிமன்றம் சமஷ்டிச் சட்டமே மேலானதெனத் தீர்த்தது. அங்கே இரு சட்டங்கள் மோதின. இங்கே மோதுவதற்கு மாகாணத்திடம் சட்டமே இல்லை. அயலிலுள்ள இந்தியாவைப் பாருங்கள்: 1985ஆம் ஆண்டின் போதைப்பொருட் சட்டம் மத்தியச் சட்டமாயிருந்தும், கஞ்சாச் செடி பயிரிட அனுமதித்து ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மாநில அரசுகளிடம் விட்டிருக்கிறது. அதனால் பாரதம் துண்டாடப்பட்டுவிட்டதா?

‘போதை ஹராமல்லவா? பள்ளிவாசல் நிறைந்த ஊர்களிற் கஞ்சாக் கடை திறப்பதா?’ என்று சிலர் சீறக்கூடும். சீற்றம் நியாயமானதே. கஞ்சா இளைஞரைக் கெடுப்பதைக் கண்டு கலங்காத பெற்றோர் இல்லை. கடத்துவோனை மத்தியச் சட்டம் தண்டிக்கட்டும்; அதிலே ஓர் எழுத்தையும் குறைக்கச் சொல்லவில்லை. நாம் கேட்பது வேறு. பதிவுபெற்ற வைத்தியருக்கு எவ்வளவு சரக்கு, எவரிடமிருந்து, எந்தக் கணக்கின்படி என்பதை மாகாணச் சுதேச மருத்துவத் திணைக்களமே தீர்மானிக்கட்டும். அத்திணைக்களத்தைக் கேளாமல் வைத்தியர் மீது பொலீசார் வழக்குத் தொடராதிருக்கட்டும்.

இதனைக் கேட்கவேண்டிய கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017இல் முடிந்தது. பின்னர் ஆண்டுக்கணக்காகத் தேர்தலே இல்லை. அடுத்த தேர்தலில் நம் வாசலுக்கு வாக்குக் கேட்டு வருவோர், வீதியும் வடிகாலும் பேசுமுன், இதற்கு விடை சொல்லட்டும்.