உருவம் திரும்பியது, உரிமை திரும்பியதா?

சென்ற மாதம் கிளைக் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது ஓர் இளம் தோழர் என்னை நிறுத்திக் கொண்டார். மோட்டார் பட்டறைத் தொழிலாளி. உலகத்தில் எந்த மூலையில் எந்தக் கார் வந்தாலும் அவருக்குத் தெரியாமல் இராது.

"தோழர், ஒரு சந்தேகம். பிரான்ஸில் அல்பீன் என்று ஒரு பந்தயக் கார். பழைய காரின் சாயலிலேயே புதிதாகச் செய்து விற்றார்கள். 2017-ல் வந்தபோதே விலை ஐம்பத்தெட்டாயிரம் யூரோவுக்கு மேல். அந்த ஆலைக்கு ஆபத்து வந்தபோது அங்கேயுள்ள கம்யூனிஸ்டுகள் அதைக் காக்கக் கிளம்பினார்களாம். பணக்காரன் ஓட்டி விளையாடுகிற வண்டிக்கு நாம் ஏன் வக்காலத்து வாங்க வேண்டும்?" என்று கேட்டார்.

"வண்டிக்கு அல்ல, தோழரே, வேலைக்கு" என்று ஒரு வரியில் பதில் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஆனால் திருப்தி அடையவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. யோசித்துப் பார்த்தால் எனக்கும் அந்த ஒரு வரி போதவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

பெயர் வந்த கதை

பிரான்ஸின் வடகரையில், நார்மண்டிப் பிரதேசத்தில், தியெப் என்று ஒரு துறைமுக நகரம். அங்கே ரெனோ கார்களை விற்று வந்த குடும்பத்தில் பிறந்தவர் ழான் ரெதெலே. ரெனோ கம்பெனியின் சின்னஞ்சிறு 4சிவி காரைத் திருத்தியமைத்துப் பந்தயங்களில் ஓட்டினார். ஆல்ப்ஸ் மலைப் பாதைகளில் ஓடிப் பெற்ற வெற்றிகளின் நினைவாக 1955-ல் தாம் தொடங்கிய கம்பெனிக்கு 'அல்பீன்' என்று பெயரிட்டார்.

1962-ல் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் வெளிவந்தது ஏ110 என்ற மாடல். எஃகு முதுகெலும்பின் மேல் கண்ணாடி இழையால் செய்த உடல்; பின்புறம் ரெனோ 8 என்ற சாதாரணக் குடும்பக் காரின் யந்திரம். ஆரம்ப மாடல்களின் எடை சுமார் 600 கிலோதான். பெரிய யந்திரம் வைத்த வண்டிகளை இந்தச் சிறு வண்டி மலைப் பாதையில் முந்திற்று. 1971-லும் 1973-லும் மான்டி கார்லோ பந்தயத்தில் வென்றது. 1973-ல் முதன்முதலாக நடந்த உலக ராலிப் போட்டியில் கம்பெனிகளுக்கான பட்டமும் அல்பீனுக்கே கிடைத்தது. சோஷலிஸ பல்கேரியாவிலும் 1960-களின் பிற்பகுதியில் ப்ளோவ்திவ் நகரில் இந்தக் காரைச் சிறு எண்ணிக்கையில் தயாரித்தார்கள் என்பது இளம் தோழருக்கு ஒரு புதுச் செய்தியாக இருக்கலாம்.

அந்த 1973-லேயே ரெனோ பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. 1977-ல் ஏ110 நின்றது. 1995-ல் அல்பீன் என்ற பெயரே நிறுத்தப்பட்டது. ஆனால் ஆலை நிற்கவில்லை. தியெப் தொழிலாளிகள் ரெனோவின் வேறு பந்தய மாடல்களைத் தொடர்ந்து செய்து வந்தார்கள்.

பழமைக்கு ஒரு சந்தை

இதற்கிடையே மோட்டார் உலகத்தில் ஒரு புது மோகம் பிறந்தது. பழைய கார்களின் சாயலைப் புதிய யந்திரத்தின் மேல் போர்த்தி விற்பது. 1997-ல் புதிய பீட்டில் வந்தது. 2001-ல் புதிய மினி. 2007-ல் புதிய ஃபியட் 500. இவை மூன்றும் ஒரு காலத்தில் சாதாரண ஜனங்களின் வண்டிகள். திரும்பி வந்தபோது நாகரிகப் பொருள்களாக வந்தன.

பிறகு பந்தயக் கார்களின் முறை. 2021-ல் லம்போர்கினி கம்பெனி பழைய கவுன்டாக்கைத் திரும்பக் கொண்டுவந்து 112 வண்டிகள் மட்டும் செய்வதாக அறிவித்தது. அசல் கவுன்டாக்கை வரைந்த மார்செல்லோ கந்தினி அப்போது உயிரோடு இருந்தார். இதில் தமக்குப் பங்கில்லை, தாம் இதை அங்கீகரிக்கவும் இல்லை என்று அவர் பகிரங்கமாகச் சொல்ல வேண்டி வந்தது. வரைந்தவர் கதியே இதுவென்றால் முடுக்கியவன் கதியைக் கேட்பானேன்!

முதலாளிக்கு ஏன் இந்தப் பழமைப் பற்று? புதிய பெயர் ஒன்றை ஜனங்கள் மனதில் பதிய வைக்கக் கோடிக்கணக்கில் கொட்ட வேண்டும். பல வருஷம் காத்திருக்க வேண்டும். பழைய பெயர் ஏற்கெனவே பதிந்திருக்கிறது. அதைப் பதித்தது யார்? குளிரிலும் பனியிலும் இரவெல்லாம் வண்டியைப் பிரித்துப் பூட்டிய மெக்கானிக்குகள். இழையை அச்சில் வார்த்த தொழிலாளிகள். பாதையோரம் நின்று கைதட்டிய ஜனங்கள். அவர்கள் உழைப்பும் அன்பும் ஒரு பெயரில் சேர்ந்து கிடக்கிறது. கணக்குப் புத்தகத்தில் அது கம்பெனியின் சொத்து. திரும்ப எடுத்து விற்றால் லாபம்.

அல்பீன் விஷயத்திலும் இதுவே நடந்தது. 2012-ல், ஏ110 பிறந்து ஐம்பது வருஷம் ஆனபோது, ரெனோ ஒரு மாதிரி வண்டியைக் காட்டியது. அதே வருஷம் கேட்டர்ஹாம் என்ற பிரிட்டிஷ் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்தது. 2014-ல் அந்தக் கூட்டு முறிந்தது. 2016-ல் 'விஷன்' என்ற இன்னொரு மாதிரி வண்டி. 2017 மார்ச்சில் ஜெனிவாக் கண்காட்சியில் விற்பனைக்கான கார் வெளிவந்தது.

வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். முன்னே நான்கு வட்ட விளக்குகள், மூடியின் நடுவே ஓடும் மேடு, வழுக்கிச் செல்லும் பின்புறம் எல்லாம் பழையதை நினைவூட்டுகின்றன. உள்ளே முழுக்கப் புதிது: அலுமினியச் சட்டம், இருக்கைகளுக்குப் பின்னே 1.8 லிட்டர் டர்போ யந்திரம், 252 குதிரைச் சக்தி, எடை சுமார் 1,100 கிலோ. இன்றைய பந்தயக் கார்களுக்கு நடுவே அது லேசான வண்டிதான். நல்ல வேலை நல்ல வேலைதான். அதைச் செய்தவன் தொழிலாளி என்பதால் நமக்கு அது பெருமைகூட.

1955 என்ற எண்

முதல் பதிப்பாக எத்தனை கார்கள் தெரியுமா? சரியாக 1,955. கம்பெனி பிறந்த வருஷத்துக்கு மரியாதையாம். விலை 58,500 யூரோ. சில நாட்களிலேயே எல்லாவற்றுக்கும் முன்பதிவு முடிந்து விட்டது. அந்த வருஷம் பிரான்ஸில் சட்டப்படியான குறைந்தபட்ச மாதச் சம்பளம், பிடித்தங்களுக்கு முன்னால், சுமார் 1,480 யூரோ. அந்தச் சம்பளக்காரர் உண்ணாமல், உடுக்காமல், வாடகை கொடுக்காமல் மூன்று வருஷத்துக்கு மேல் சேர்த்தால் ஒரு கார் வாங்கலாம்!

நிற்க. 1955 என்ற அந்த எண்ணை நானும் மறக்கவில்லை. ஆனால் எனக்கு அது வேறொன்றை நினைவூட்டுகிறது.

அப்போது ரெனோ தனியார் சொத்தல்ல. போரின்போது ஜெர்மானியருக்காக வேலை செய்த அந்தக் கம்பெனியை 1945 ஜனவரியில் பிரஞ்சு சர்க்கார் தேசியமயமாக்கியது. பாரிஸை ஒட்டிய பியான்கூர் ஆலை தொழிற்சங்க இயக்கத்தின் கோட்டையாக விளங்கியது. 1936-ன் மகத்தான வேலைநிறுத்த அலையில் பிரஞ்சுத் தொழிலாளிகள் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறையைப் பெற்றிருந்தார்கள். 1955 செப்டம்பரில் ரெனோ தொழிலாளிகள் மூன்றாவது வாரத்தைப் பெற்றார்கள். அடுத்த வருஷமே அது நாடு முழுவதற்கும் சட்டமாயிற்று. 1962-ல், ஏ110 கண்காட்சிக்கு வந்த அதே வருஷத்தின் கடைசி மாதத்தில், ரெனோவில் நான்காவது வாரம் கிடைத்தது. அதுவும் பின்னால் தேசம் முழுவதற்கும் சட்டமாயிற்று.

1955-ம் 1962-ம் இப்படி இரட்டைப் பிறப்பு வருஷங்கள். ஒரு பக்கம் பந்தயக் கார். மறு பக்கம் தொழிலாளி தன் குழந்தைகளோடு கடற்கரையில் கழித்த ஒரு வாரம். முன்னதற்கு எண் பொறித்த தகடு அடித்தார்கள். பின்னதற்கு எந்த மாதிரி வண்டியிலும் இடமில்லை.

1996-ல் ரெனோ தனியார்மயமானது. பியான்கூரை ஒட்டி சேன் நதித் தீவில் நின்ற ஆலை 1992-லேயே மூடப்பட்டு, பிறகு இடித்துத் தள்ளப்பட்டது. 2017 ஏப்ரலில் அந்தத் தீவில் ஒரு சங்கீத மண்டபம் திறந்தார்கள். புதிய அல்பீன் ஜெனிவாவில் மேடையேறி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. சங்கீதத்தின் மேல் எனக்கு விரோதமில்லை. ஆனால் காரின் உருவத்தைத் திரும்பக் கொண்டுவரத் தெரிந்தவர்கள் எதைத் திரும்பக் கொண்டு வரவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

நினைவுக்கு மதிப்பு, நினைவைச் செய்தவனுக்கு?

இனி தோழரின் கேள்விக்கு வருகிறேன்.

2020 மே மாதம். கொரோனாக் காலம். மூன்று வருஷத்தில் 200 கோடி யூரோ மிச்சம் பிடிக்க ரெனோ ஒரு திட்டம் போட்டது. பிரான்ஸில் சுமார் 4,600 பேர், மற்ற நாடுகளில் 10,000-க்கு மேல் ஆட்குறைப்பு. ஏ110 உற்பத்தி முடிந்த பிறகு தியெப் ஆலையை வேறு எதற்குப் பயன்படுத்தலாம் என்று 'யோசிக்கப்' போவதாகவும் அதே திட்டம் சொன்னது. ஆலை வாசலில் நிற்பவனுக்கு இந்த 'யோசனை'யின் அர்த்தம் நன்றாகப் புரியும். சில நாள் கழித்து ஜூனில், 500 கோடி யூரோ வங்கிக் கடனுக்குச் சர்க்கார் ரெனோவுக்காக ஜாமீன் நின்றது. ஜாமீன் பொதுப் பணத்தின் பேரில். வேலை நீக்கம் தொழிலாளியின் தலையில்!

வடக்கே மொபேஜ் நகரில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். தியெப்பில் அப்போது மேயராக இருந்த நிக்கோலா லாங்லுவாவும் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த செபஸ்தியன் ழூமெலும் கம்யூனிஸ்டுகள். ஆலையைக் காக்க வேண்டும் என்று இருவரும் குரல் கொடுத்தார்கள். அந்த ஆலையில் வேலை செய்தோர் நானூறு பேர் அளவுதான். ஆனால் ஒரு சிறு துறைமுக நகரத்துக்கு நானூறு வேலை என்பது நானூறு அடுப்பு.

2021 ஜனவரியில் ரெனோவின் புதிய தலைவர் லூக்கா தே மெயோ அல்பீனை மின்சாரப் பந்தயக் கார்களின் பெயராக வளர்க்கப் போவதாக அறிவித்தார். அடுத்த வருஷம், ஒரு புதிய மின்சார மாடல் தியெப்பில் தயாராகும் என்று சொன்னார்கள். 2025 மே மாதம் ஏ390 என்ற அந்த வண்டி தியெப்பிலேயே வெளியிடப்பட்டது. ஆலை பிழைத்தது. நல்லதே. ஆனால் பெயர் வாழ்ந்தால் எல்லோரும் வாழ்வார்கள் என்று யாரும் ஏமாற வேண்டாம். பார்முலா ஒன் பந்தயக் குழுவுக்கும் 2021-ல் அல்பீன் என்றே பெயர் சூட்டினார்கள். 2024 செப்டம்பரில், வீரி-ஷத்திலோன் ஆலையில் அந்தப் பந்தயத்துக்கான யந்திரம் செய்வதை நிறுத்துவதாக முடிவு வந்தது. ரெனோ 1977-ல் முதன்முதலாகப் பார்முலா ஒன்னில் இறங்கிய நாளிலிருந்து யந்திரம் செய்து பெயர் வாங்கிய இடம் அது. முடிவுக்குச் சுமார் ஒரு மாதம் முன்பு அங்கத்திய தொழிலாளிகள் இத்தாலியின் மொன்ஸா மைதானத்துக்கே போய்ப் பார்வையாளர் வரிசையில் நின்று எதிர்ப்புக் காட்டினார்கள். வண்டியின் நெற்றியில் பெயர் இருந்தது. யந்திரம் செய்த கைகளுக்கு அந்த வேலை இல்லாமல் போயிற்று.

ஆகவே, தோழரே, தியெப்பில் காக்கப்பட்டது பணக்காரனின் பொம்மையல்ல. என்ன செய்வது என்று முதலாளி தீர்மானிக்கிறான். எப்படிச் செய்வது என்று தொழிலாளிக்குத் தெரியும். அந்தத் திறமைதான் அங்கே காக்கப்பட்டது. இதே தியெப் ஆலையில் 2015 முதல் 'ப்ளூகார்' என்ற சிறு மின்சாரக் காரும் தயாரானது. பாரிஸில் யாரும் சொந்தமாக வாங்காமல், வேண்டியபோது எடுத்து ஓட்டிவிட்டுத் திருப்பி விடும் பொது ஏற்பாட்டில் ஓடிய கார் அது. பணக்காரனின் வண்டியைச் செய்யும் கை பொதுஜன வண்டியையும் செய்யும். ஆலை மூடினால் இரண்டும் போய்விடும். பந்தயக் கார் பிடிக்கவில்லை என்பதற்காகப் பட்டறையைக் கொளுத்துவது நம் வழியல்ல.

இதெல்லாம் தூர தேசத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். இதே ரெனோ, நிஸ்ஸானோடு சேர்ந்து 2010-ல் நம் ஒரகடத்தில் ஆலை திறந்தது. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், வேலையிடத்தில் பாதுகாப்பு இடைவெளி வேண்டும் என்று அங்கத்திய தொழிற்சங்கம் சென்னை உயர்நீதிமன்றப் படியேற நேர்ந்தது. ஆலை சில நாள் மூடவும் பட்டது. 2025-ல் நிஸ்ஸானின் பங்கை ரெனோ வாங்கிக் கொண்டது. பங்கு கைமாறியது, யந்திரத்தின் முன்னே நின்ற கை மாறவில்லை. 2012 முதல் ஒரகடத்தில் செய்து 2022-ல் நிறுத்திய 'டஸ்டர்' என்ற பெயரையும் திரும்பக் கொண்டு வருவதாக அதே 2025-ல் அறிவித்தார்கள். அந்தப் பெயர் நம் ஜனங்கள் மனதில் பதிந்திருக்கிறது என்றால், அதில் ஒரகடத்துக் கைகளுக்கும் பங்கில்லையா?

பழைய பெயரைத் திரும்பக் கொண்டு வருகிறீர்களா? கொண்டு வாருங்கள். பொதுப் பணம் ஜாமீன் நின்றால் வேலைக்கும் ஜாமீன் வேண்டும். எந்த வண்டி, யாருக்காக என்று தீர்மானிக்கும் மேஜையில் அதைச் செய்கிறவனுக்கும் ஒரு நாற்காலி வேண்டும். பழைய காரின் விளக்கையும் வளைவையும் மில்லிமீட்டர் பிசகாமல் நினைவில் வைத்திருப்பவர்கள், அந்தக் காலத்தில் தொழிலாளி பெற்ற உரிமைகளையும் அதே துல்லியத்தோடு நினைவில் வைக்கட்டும். அவர்கள் மறந்தால் நினைவூட்டுவது நம் வேலை.

இளம் தோழர் அடுத்த கூட்டத்துக்கு அந்தக் காரின் படத்தைக் கொண்டு வரட்டும். கிளை அலுவலகச் சுவரிலேயே ஒட்டலாம். அதன் கீழே இரண்டே வரி எழுதினால் போதும்: 1955, மூன்றாவது வாரம். 1962, நான்காவது வாரம்.