கரன்ட் போனாலும் கேட் திறக்குமா?

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி இரவில் அதை ஒட்டிய வீடுகளின் வாசலில் ஓயாத ஜனக்கூட்டம். அந்த நேரம் பார்த்து கரன்ட் போய், ரிமோட் கேட் திறக்காமல் நின்றால்? வீட்டுப் பெரியவருக்கு நெஞ்சுவலி என்றால் 108 ஆம்புலன்ஸ் எப்படி உள்ளே வரும்?

கேட் மோட்டாரில் முக்கியமாக இரண்டு வகை. 230 வோல்ட் ஏ.சி. மோட்டார் வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடும். கரன்ட் போனால் நின்றுவிடும். இன்வெர்ட்டரில் இணைப்பதென்றால் அது சைன் வேவ் வகையாக, மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கூடுதல் மின்சாரத்தைத் தாங்குவதாக இருக்க வேண்டும். 24 வோல்ட் டி.சி. மோட்டாருக்கு 12 வோல்ட் பேட்டரி இரண்டைச் சேர்த்து இணைக்கலாம். கரன்ட் இருக்கும்போது சார்ஜ் ஆகி, போனதும் கை கொடுக்கும். மின்தடை வரும் இடத்துக்கு இதுவே நல்லது.

சோலார் வைக்கலாமா? கேட் ஓடுவது சில விநாடிதான். ஆனால், ரிமோட்டுக்காக 24 மணி நேரமும் விழித்திருக்கும் போர்டு 5 வாட் எடுத்தால்கூட, நாளுக்கு 120 வாட்-அவர். 7 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டின் மொத்தக் கொள்ளளவே 168 வாட்-அவர்தான்! எனவே மழை நாட்களையும், மாலையில் மலை நிழல் விழுமா என்பதையும் பார்த்து பேனல் வாங்குங்கள்.

எந்த மோட்டாரானாலும், அதை விடுவித்து கேட்டைக் கையால் தள்ளுவதற்கு ஒரு சாவி தருவார்கள். அது எங்கே இருக்கிறதென்று வீட்டில் எல்லோருக்கும் தெரியட்டும். மாதம் ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கேட்டைத் திறந்து பாருங்கள்.