தானியேல் சிங்கக் கெபியோடு முடிந்துவிடவில்லை

வாலிபர் கூட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் தலைப்பு ஒன்று இருக்கிறது: கடைசிவரை கர்த்தருக்கு உண்மையாயிருப்பது. ஹந்தானைத் தோட்டத்துச் சபையிலும் கேட்கலாம், கண்டி டவுன் மண்டபத்திலும் கேட்கலாம். பட்டியல் ஒன்றுதான். ஆராதனைக்குத் தவறாதே, குடிக்காதே, கெட்ட சகவாசம் வேண்டாம், தசமபாகம் கொடு. எழுபது வயதுவரை இதைச் செய்தால் உண்மையுள்ள ஊழியக்காரன். நடுவில் விட்டால் பின்வாங்கிப் போனவன்.

இந்தப் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. குடி எத்தனை லயத்து வீடுகளை அழித்தது என்று எங்களுக்கும் தெரியும். எங்கள் சண்டை பட்டியலில் இல்லாததைப் பற்றியது.

தானியேலையே எடுப்போம். ராஜாவின் சாப்பாட்டை மறுத்தது, மூன்று வேளை ஜெபித்தது, சிங்கக் கெபி எல்லாம் நமக்கு மனப்பாடம். ஆனால் நான்காம் அதிகாரத்தில் அவர் நேபுகாத்நேச்சாரிடம் ஒரு ஆலோசனை சொல்கிறார்: ஏழைகளுக்கு இரங்கு, நீதி செய், அக்கிரமத்தை விடு. தன்னைச் சிறைபிடித்து வந்தவனின் முகத்துக்கு நேரே சொல்கிறார். அதுவும் உண்மையாயிருப்பதில் சேர்ந்ததுதான். அதை வைத்து எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம்? விரல் விட்டு எண்ணலாம்.

மலையகத்தில் இந்த மௌனத்துக்கு வயசு அதிகம். 1850களில், கண்டிப் பக்கம் கோப்பி விளைந்த காலத்தில், சர்ச் மிஷனரி சங்கம் தோட்டத் தமிழர் நடுவில் ஊழியம் ஆரம்பித்தது. அதற்கு வைத்த பெயர் ‘தமிழ் கூலி மிஷன்’. உபதேசியாரின் செலவுக்குத் தோட்டத் துரைமாரும் பணம் கொடுத்தார்கள். அந்த ஊழியத்தால் எழுத்தும் படிப்பும் வந்தன, மறுக்கவில்லை. ஆனால் துரை பணத்தில் வாழும் உபதேசியார் துரையைப் பற்றி என்ன பேச முடியும்?

பிறகு 1948இல் குடியுரிமைச் சட்டம் நம் தாத்தா பாட்டிமாரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அந்த வருடங்களில் சபையில் என்ன பேசினார்கள் என்று வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பதில் உங்களை யோசிக்க வைக்கும்.

வேறு மாதிரி உண்மையாயிருந்தவர்களும் இதே மலையில்தான் இருந்தார்கள். 1925இல் பிறந்த இயேசு சபைக் குருவானவர் போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்யோதய நிலையத்தைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும், பௌத்தரும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் சேர்ந்து வாழ்ந்து, தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காக வேலை செய்த இடம் அது. 2017இல் இறந்தபோது அவருக்குத் தொண்ணூறு தாண்டியிருந்தது. கடைசிவரை குருவானவர்தான். ஜெபமா, நீதியா என்று அவர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை.

அம்பிட்டிய குருமடத்தில் படிப்பித்த மைக்கல் ரொட்ரிகோ அடிகள் அந்த மதிப்பான இடத்தை விட்டுவிட்டு, புத்தல பக்கத்தில் ஏழைச் சிங்கள பௌத்தக் கிராமத்து மக்களோடு வாழப் போனார். 1987 நவம்பர் 10ஆம் திகதி, பூசை வைத்துக்கொண்டிருந்தபோதே சுட்டுக் கொல்லப்பட்டார். முடிவுவரை நிலைத்திருப்பது என்றால் இதுவும்தானே?

“சபைக்கு எதுக்கு அரசியல்?” என்று கேட்பாங்க. நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்ற கோரிக்கை வருடக்கணக்காக இழுபட்டு 2021இல்தான் வர்த்தமானிக்கு வந்தது. அந்தச் சம்பளத்தில் இருந்துதான் காணிக்கைப் பைக்குள் காசு விழுகிறது. காசு உள்ளே வரலாம், அந்தக் காசின் கதை மட்டும் வரக்கூடாதா? நியாயம் கேட்டு ரோட்டுக்கு இறங்கும் பொடியனைப் பின்வாங்கியவன் என்று ஒதுக்கினால், உண்மையில் பின்வாங்கியது யார்?

ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை இப்போது அருங்காட்சியகம். பழைய இயந்திரங்களைத் துடைத்து அழகாக வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த இயந்திரங்களில் கொழுந்து அரைபடுவதில்லை. விசுவாசத்தையும் அப்படி வைத்துக் காப்பாற்றலாம். ஒரு கீறல் விழாது. ஆனால் தாலந்தை மண்ணில் புதைத்து, பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தவனுக்கு எஜமான் என்ன சொன்னான் என்று நமக்குத் தெரியும்.

அதனால் தம்பி, தங்கச்சி, ஜெபத்தை விடாதீங்க. வேதத்தை மூடாதீங்க. அடுத்த வாலிபர் கூட்டத்தில் தானியேல் வந்தால் கையைத் தூக்கி, நான்காம் அதிகாரத்தையும் வாசிக்கச் சொல்லுங்க. வாசித்து முடித்ததும், ஏழைக்கு இரங்கு என்று நம்ம ஊரில் யாரிடம் போய்ச் சொல்லணும் என்று கேளுங்க. அந்தக் கேள்வியை இருபது வயதில் கேட்டு, எழுபதிலும் விடாமல் கேட்பவரைத்தான் நாங்கள் உண்மையுள்ளவர் என்போம்.