கட்டடம் எழும், வயல் எழாது

1981இல் தீக்கிரையான யாழ்ப்பாணப் பொது நூலகம் 2004இல் மீளத் திறக்கப்பட்டது. இடிந்த கட்டடத்தை எழுப்பலாம். மண்ணிட்டு மூடிய வயலை மீட்பவர் யார்? வற்றாத நதியில்லாத குடாநாட்டில், மாரி மழை வயலிலும் குளத்திலும் தேங்கி நிலத்துள் இறங்கினாலன்றிக் கிணறுகளுக்கு நீரில்லை.

வயலை மூடுவதற்குக் கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதி வேண்டும் என்கிறது 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம். சட்டம் ஏட்டில் இருந்தாற் போதாது, சபையிலும் பேசவேண்டும்.

2023 மார்ச் முதல் 2025 மே தேர்தல் வரை யாழ்ப்பாண மாநகர சபையில் மக்கள் பிரதிநிதிகள் இருக்கவில்லை. அத்தேர்தலில் தெரிவானோரிடம் நாம் கேட்பது ஒன்றே. மண்டபத் திருத்த வேலையிற் பிழை நேர்ந்தால் பணமே வீணாகும். வயலைக் குடியிருப்பு வலயமாக்குவதிற் பிழைத்தால் தண்ணீரே போய்விடும். ஆதலின், அயற் கமக்காரரைப் பகிரங்கமாக விசாரித்த பின்னரன்றி அத்தகைய தீர்மானம் எதுவும் வாக்கெடுப்புக்கு வரலாகாது.