சேட்டைக்கு முதலாளி பொறுப்பா?

இங்கிலாந்தில் ரிட்ஜ் மேனுபாக்சரிங் என்ற நிறுவனத்தில் ஒரு தொழிலாளிக்குச் சக தொழிலாளர்களிடம் வம்பு செய்வதே பொழுதுபோக்கு. ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் இது நடந்தது. மேற்பார்வையாளர் பலமுறை கண்டித்தார். அதற்குமேல் எதுவும் செய்யவில்லை. ஒருநாள் அந்த ஆள் மாற்றுத்திறனாளி ஒருவரின் காலை வாரிவிட, விழுந்தவருக்கு மணிக்கட்டில் அடி.

1957இல் வந்த தீர்ப்பு, இழப்பீட்டை நிறுவனத்தின் தலையில் கட்டியது. ஆபத்து இயந்திரத்திலிருந்து வந்தால் என்ன, மனிதனிடமிருந்து வந்தால் என்ன? தெரிந்தபின் அதை அகற்றுவது முதலாளியின் கடமை என்பதே நீதிமன்றத்தின் வாதம். வெறும் திட்டு நடவடிக்கையாகாது.

தெரியாத சேட்டைக்கு இந்த வாதம் பொருந்தாது. இங்கிலாந்திலேயே டார்மாக் நிறுவனத்தின் தொழிற்கூடத்தில் ஓர் ஊழியர், வெளியிலிருந்து தானே கொண்டுவந்த வெடிக்கும் வில்லைகளை ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் காதருகே வைத்துச் சுத்தியலால் அடித்தார். செவிப்பறை கிழிந்தது. இரு தரப்புத் தொழிலாளர்களுக்கிடையே உரசல் இருப்பதாக மேற்பார்வையாளரிடம் முன்பே சொல்லப்பட்டிருந்தது. ஆனாலும், உரசலை வைத்து வெடியை ஊகிக்க முடியாது என்று 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தை விடுவித்தது. சட்டப்படி சரியாக இருக்கலாம். காது போனவருக்கு அதில் என்ன ஆறுதல்?

அமெரிக்காவில் நீதிபதி கார்டோசோ, வேலைநேரத்தில் சக தொழிலாளி விளையாட்டாக எறிந்த ஆப்பிள் பட்டுப் பார்வை பாதிக்கப்பட்டவருக்கு 1920லேயே தொழிலாளர் இழப்பீட்டை உறுதிசெய்தார். பலரைக் கூட்டிவைத்து வேலை வாங்கினால் அந்த ஆபத்தும் வேலையின் பகுதி என்பது அவர் பார்வை. தொழிலாளிக்கு இதுவே நியாயமான பார்வை.

நம் ஊர்ப் பட்டறைகளுக்கு நெருக்கமான ஆபத்து, காற்றடிக்கும் கம்ப்ரசர். பயிற்சித் தொழிலாளியின் உடலுக்குள் சக பயிற்சியாளர்கள் காற்றைச் செலுத்திய வழக்கில், இதை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது என்று 1951இல் ஓர் ஆங்கில நிறுவனம் தப்பித்தது. இன்று அப்படிச் சொல்ல முடியுமா? 2024 மார்ச்சில் பெங்களூரு பைக் சர்வீஸ் மையம் ஒன்றில் நண்பர் இதேபோல் விளையாடியதில் இளைஞர் ஒருவர் இறந்தார், நண்பர் கைதானார். அலட்சியத்தால் உயிர்போனால், இன்றுள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுவரை சிறை உண்டு. விளையாட்டுக்குத்தான் செய்தேன் என்ற சாக்கு அங்கே காப்பாற்றாது.

ஆகவே பட்டறை உரிமையாளர்களே, முதல் புகாரையே எழுத்தில் பதியுங்கள். இரண்டாவது புகார் வந்தால் அந்த ஆளை வேலையிடத்திலிருந்து மாற்றுங்கள். காற்றுக்குழாயை உடலுக்கு அருகே கொண்டுபோகக் கூடாது என்பதை வேலையில் சேரும் நாளிலேயே சொல்லிவிடுங்கள்.