ரிசர்வ் யாருக்கு?

பதிவு கொஞ்சம் நீளம். "டீச்சர் கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க" என்று சொல்லத்தான் போகிறீர்கள். சொல்லிவிட்டுப் படியுங்கள்.

ஒரே ஒரு பழக்கத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். வீட்டுக்குப் பொதுவாக இருக்கிற வண்டியை எடுத்துக்கொண்டு போய், பெட்ரோலை அடிமட்டம் வரை ஓட்டித் தீர்த்து, முள் சிவப்பில் கிடக்கும்போது கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் படுக்கப் போகிற பழக்கம். கேட்டால் மறந்துவிட்டேன் என்பார்கள். மறதி என்றால் எப்போதாவது நடக்கும். வாரத்துக்கு மூன்று நாள் நடந்தால் அது மறதி இல்லை. அடுத்து எடுக்கிறவர் போட்டுக்கொள்ளட்டும் என்கிற கணக்கு.

போன மாதம் எங்கள் சொந்தத்தில் நடந்ததைச் சொல்கிறேன். யார் வீடு என்று சொல்லமாட்டேன், இதைப் படிக்கிற பாதிப் பேருக்குத் தெரியும். அந்தப் பெண் தனியார் மருத்துவமனையில் நர்ஸ். காலை ஷிஃப்ட் 7 மணிக்கு. வீட்டிலிருந்து 14 கிலோமீட்டர். ஸ்கூட்டர் அவள் பேரில், மாதத் தவணை அவள் சம்பளத்தில். ராத்திரி அவள் தம்பி நண்பர்களைப் பார்க்க எடுத்துக்கொண்டு போய்ப் பதினொன்றரைக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். காலையில் அவள் முள்ளைப் பார்த்தாள். பார்க்காமல் எடுக்கவில்லை, அதைத் தெளிவாகச் சொல்கிறேன். ஊர்ப் பக்கத்து பங்க் அந்த நேரத்துக்குத் திறந்திருக்காது. அடுத்தது ஒன்பது கிலோமீட்டர் தள்ளி. போய்ச் சேர்ந்துவிடும் என்று நம்பிக் கிளம்பினாள். ஆறாவது கிலோமீட்டரில், பைபாஸில், இருபக்கமும் வெறும் காடு, விடிந்தும் விடியாத நேரம், வண்டி இருமி இருமி நின்றுவிட்டது.

மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போனாள். பக்கத்தில் இரண்டு பைக் மெதுவாக ஓட்டி என்னம்மா என்னம்மா என்று கேட்டுக்கொண்டே வந்ததாம். நல்ல எண்ணத்தில்கூட இருக்கலாம். அந்த இடத்தில் அவளால் அதை எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? ட்யூட்டிக்குப் போனபோது மணி 7:40. அரை நாள் சம்பளம் பிடித்துவிட்டார்கள். அதைவிட, அவளுக்காக இரவு ஷிஃப்ட் முடித்த இன்னொரு பெண் வீட்டுக்குப் போக முடியாமல் காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

சாயந்திரம் வீட்டில் என்ன பேச்சு தெரியுமா? தம்பி சொல்கிறான்: "முள்ளு ரெட்ல இருந்தாலும் இருபது கிலோமீட்டர் ஓடும் பெரியம்மா, இவதான் ரேஸ் கொடுத்து ஓட்டியிருப்பா." அவனைப் பெற்றவள் சொல்கிறாள்: "ராத்திரியே பார்த்து வைக்கக் கூடாதா? பொம்பளப் பிள்ளைக்குப் பொறுப்பு வேணாமா?" எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் இந்த "ரிசர்வ் இருக்குல்ல" என்பதை எடுத்துக்கொள்வோம். ரிசர்வ் என்பது டேங்குக்குள் தனியாக இருக்கிற குட்டி டேங்க் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பழைய பைக்குகளில் டேங்குக்குள் இரண்டு குழாய் இருக்கும். ஒன்றின் வாய் உயரத்தில், இன்னொன்றின் வாய் அடியில். குமிழ் ஆனில் இருந்தால் உயரமான வாய் வழியாகப் பெட்ரோல் இறங்கும். மட்டம் அந்த வாய்க்குக் கீழே போனதும் வண்டி திணறும். குமிழைத் திருப்பினால் அடியில் இருக்கிற வாய் திறக்கும். அவ்வளவுதான். அந்தத் திணறல் ஓர் எச்சரிக்கை மணி. அடுத்த பங்க்குக்குப் போய்ச் சேரட்டும் என்று விட்டுவைத்த மிச்சம் அது. நம் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? ரிசர்வில் எடுத்து, ரிசர்வில் ஓட்டி, ரிசர்விலேயே நிறுத்தினார்கள். ஒரு மாணவன் (இப்போது ஒரு பெரிய கம்பெனியில் மேனேஜர்) பெருமையாகச் சொன்னான், தன் பைக் வாங்கிய நாளிலிருந்து குமிழ் ஆன் பக்கம் வந்ததே இல்லையாம்.

இப்போது வருகிற வண்டிகளில் அந்தக் குமிழே இல்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்தபிறகு பெரும்பாலான பைக், ஸ்கூட்டரில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. டேங்குக்குள் கரண்டில் ஓடும் ஒரு பம்ப் இருக்கிறது. அந்தப் பம்ப் பெட்ரோலில் மூழ்கிக் கிடந்தால்தான் அதன் சூடு தணியும். டேங்க்கை எப்போதும் வறட்டி வைத்து ஓட்டினால் பம்ப் சூடாகும், அடியில் தேங்கிய கசடு அதற்குள் போகும். புதுப் பம்ப் என்ன விலை என்று உங்கள் மெக்கானிக்கிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். டீசல் வண்டி என்றால் இன்னும் தொல்லை. முழுக்கத் தீர்ந்தால் குழாயில் காற்று அடைத்துக்கொள்ளும். பிறகு டீசல் ஊற்றினாலும் பல வண்டிகள் உடனே கிளம்பாது, அந்தக் காற்றை எடுக்க ஆள் வரவேண்டும்.

நான் டிவிஎஸ் 50-இல் பள்ளிக்கூடம் போனவள். அதில் பெட்ரோல் தீர்ந்தால் சைக்கிள் மாதிரி மிதித்துக்கொண்டு போகலாம். பழைய ஸ்கூட்டரைச் சாய்த்துப் படுக்கவைத்து நிமிர்த்தினால் அரைக் கிலோமீட்டருக்கு உயிர் வரும். அந்த வித்தையெல்லாம் அந்தக் கால வண்டிக்கு. இன்றைய வண்டியில் மிதிக்கப் பெடலும் இல்லை, தள்ளினால் கனமும் அதிகம்.

அடுத்த சாக்கு, பெட்ரோல் விலை. சரிதான், லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிவிட்டது. நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் ஒரு லிட்டர் முழுசாக வருவதில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். தினமும் காலையில் 50 ரூபாய்க்குப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற கொத்தனாரைப் பற்றியோ, மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு நாலு ஊர் சுற்றுகிற அண்ணனைப் பற்றியோ நான் பேசவில்லை. அவர்கள் வண்டி நடுரோட்டில் நிற்பது அபூர்வம். 50 ரூபாய்க்கு எத்தனை கிலோமீட்டர், எந்த மேட்டில் கூடக் குடிக்கும், எந்தத் திருப்பத்தில் பங்க் என்று அவர்களுக்கு மனப்பாடம். கையில் இருப்பதே அவ்வளவுதான் என்பதால் கணக்குச் சரியாக இருக்கிறது. நான் சொல்வது, போனில் ஒரு தொடு தொட்டால் பணம் போய்விடுகிற வசதி இருந்தும், பங்க் வாசலைக் கடந்து வரும்போது "நாளைக்குப் போட்டுக்கலாம்" என்று வருகிறவர்களை. அந்த நாளைக்கு வண்டியை எடுப்பது அவர்கள் இல்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

டேங்க் காலியாக இருந்தால் எடை குறையும், மைலேஜ் கூடும் என்று ஒரு விஞ்ஞானி நம் குடும்பத்திலேயே இருக்கிறார். ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான் இது. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ. ஸ்கூட்டர் டேங்க் ஐந்து லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், முழுக்க நிரப்பினாலும் நாலு கிலோவுக்கும் குறைவு. நூறு கிலோவுக்கு மேல் இருக்கிற வண்டியில், எழுபது எண்பது கிலோ ஆள் உட்கார்ந்துகொண்டு, இந்த நாலு கிலோவைப் பற்றிக் கவலைப்படுகிறார்! ஐந்து தடவையாக நூறு நூறுக்குப் போட்டாலும், ஒரே தடவையாக ஐந்நூறுக்குப் போட்டாலும் விலை ஒன்றுதான் என்பதை அவருக்கு யாராவது நேரில் போய் விளக்கினால் புண்ணியம்.

முள் விஷயம். டேங்குக்குள் ஒரு மிதவை மிதக்கிறது, அது ஏறி இறங்குவதைத்தான் முள் காட்டுகிறது. வண்டி மேட்டில் ஏறினால், பள்ளத்தில் இறங்கினால், ஒருபக்கம் சாய்ந்து நின்றால் அது காட்டுவதும் மாறும். கார்களில் "இன்னும் 60 கிலோமீட்டர்" என்று எழுதி வருகிறதே, அது இதுவரை ஓடிய ஓட்டத்தை வைத்துப் போட்ட கணக்கு. சமவெளியில் ஓடிவிட்டு மலை ஏற ஆரம்பித்தால் அந்த 60 மளமளவென்று கரையும். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்தில் அதைப் பார்த்துவிட்டு "போதும்ப்பா" என்று ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள், பின் சீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு. இறங்கும்போது மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். காரில் இன்ஜின் நின்றால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல் மாதிரி இறுகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும். பத்து ரூபாய்ப் பெட்ரோல் மிச்சத்துக்கு வளைவில் இந்த விளையாட்டு எதற்கு?

விமானத்திலும் ரிசர்வ் உண்டு. போகிற ஊர் வரைக்கும், அங்கே இறங்க முடியாவிட்டால் இன்னொரு ஊர் வரைக்கும் எரிபொருள் போட்டு, அதற்கு மேலும் ஜெட் விமானம் முப்பது நிமிடம் வானில் சுற்றும் அளவுக்குக் கடைசி ரிசர்வ் வைக்கவேண்டும். அந்த முப்பது நிமிடத்தில் கை வைத்துத்தான் இறங்கவேண்டி வரும் என்று தெரிந்தாலே விமானி அபாய அறிவிப்புக் கொடுத்தாகவேண்டும். தீர்ந்தபிறகு இல்லை, தொடவேண்டி வரும்போதே. பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு முள்ளும் தெரியாது, கணக்கும் தெரியாது, விமானியை நம்பி ஏறியிருக்கிறார்கள். காலையில் சாவியை எடுக்கிற அக்காவும் அப்படித்தான்.

2022-இல் கேரளாவில் ஓர் இளைஞருக்குப் "போதிய எரிபொருள் இல்லாமல் பயணிகளுடன் ஓட்டியது" என்று 250 ரூபாய்க்குச் சலான் வந்து எல்லா குரூப்பிலும் சுற்றியது ஞாபகம் இருக்கிறதா? பைக்குக்கு அப்படி ஒரு சலானா என்று எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். பைக்குக்கு அது பொருந்தாதுதான். ஆனால் "பயணிகளுடன்" என்ற அந்த ஒரு சொல்லைப் பாருங்கள். ஜெர்மனியில் இருக்கிற நம் பழைய மாணவர்களைக் கேளுங்கள். அங்கே அதிவேகச் சாலையில் எரிபொருள் தீர்ந்து நின்றால், தவிர்த்திருக்கக் கூடிய காரணம் என்று அபராதம் போடலாம்.

நின்றபிறகு நடக்கிற கூத்து தனி. பின்னால் ஒருவர் தன் பைக்கில் உட்கார்ந்துகொண்டு, நின்ற வண்டியில் ஒரு காலை வைத்துத் தள்ளிக்கொண்டே வருவார். இரண்டு வண்டியும் சேர்ந்து ஒரே வேகத்தில், லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில். ஒரு பள்ளம் குறுக்கே வந்தால் இரண்டு பேரும் கீழே. உதவுகிற மனசைக் குறை சொல்லவில்லை. அதைவிட, அவரையே அனுப்பி ஒரு லிட்டர் வாங்கிவரச் சொல்லலாம். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் கொடுக்கமாட்டேன் என்று பங்க் பையன் சொன்னால் அவனோடு சண்டைக்குப் போகாதீர்கள், அவன் சொல்வது சரி. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்குக் கூப்பிடலாம். பயமாக இருந்தால் யோசிக்காமல் 112. இன்னும் சிலர் முன்ஜாக்கிரதை என்று பாட்டிலில் பெட்ரோல் பிடித்து மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து போகும். பக்கத்து அறையில் அடுப்பு எரிகிற வீட்டில் இதை வைக்கலாமா? இன்றைக்கே வெளியேற்றுங்கள்.

இப்போது பெற்றோருக்கு. பையனுக்கு வண்டி நின்றால் அது ஒரு கதை. "மச்சான், நேத்து செம காமெடி" என்று நண்பர்களிடம் சொல்வான், நாலு பேர் பைக்கில் வந்து தூக்கிப் போவார்கள். பெண்ணுக்கு அதே இடம், அதே வண்டி, கதையாக இருக்காது. அந்த மூன்று கிலோமீட்டரில் அவள் எத்தனை தடவை திரும்பிப் பார்த்திருப்பாள் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. பொறுப்பு வேண்டும் என்று அவளிடம் சொன்னீர்களே, பதினொன்றரைக்கு உள்ளே வந்தவனிடம் "டேய், அக்கா காலையில போகணும், பெட்ரோல் இருக்கா?" என்று கேட்க உங்களுக்கு ஏன் வாய் வரவில்லை? நடுராத்திரி உங்களுக்கே நெஞ்சு வலித்து, 108 வருவதற்குள் அந்த வண்டியில்தான் ஏறவேண்டும் என்று வந்திருந்தால்?

"ராத்திரி பங்க் மூடிட்டான்" என்று தம்பி அடுத்துச் சொன்னான். அவன் கிளம்பியது ஏழு மணிக்கு. அப்போது பங்க் திறந்துதான் இருந்தது, அந்த வழியாகத்தான் போனான்.

தண்டனை எதுவும் நான் கேட்கவில்லை. பிடித்தம் செய்த அந்த அரை நாள் சம்பளத்தை அவன் தன் கையிலிருந்து அக்காவுக்குக் கொடுக்கட்டும். இனிமேல் வண்டியை எடுத்தால், கால் டேங்குக்குக் கீழே இருந்தால் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் கொண்டுவரவேண்டும். போட முடியவில்லையா, படுக்கும் முன் அக்காவை எழுப்பி "பெட்ரோல் இல்லக்கா" என்று ஒரு வார்த்தை. அவள் பஸ்ஸுக்காவது கிளம்பியிருப்பாள், ஐந்தேகால் டவுன் பஸ் அந்த ஊரில் இருக்கிறது.

அவன் இந்தப் பதிவைப் படிப்பான், என்னை ஃபாலோ செய்கிறான். தம்பி, சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டுப் போகாதே. கமெண்டில் பதில் எழுது. எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை.