ஜின்களும் வேற்றுக்கிரகவாசிகளும்: ஒன்றெனக் கொள்ளலாமா?

பறக்கும் தட்டுகளைப் பற்றிய செய்தி வெளிவரும்போதெல்லாம் நம் சமுதாயத்தில் ஒரு கருத்தும் கூடவே பரவுகிறது. மேற்குலகினர் வேற்றுக்கிரகவாசிகள் என்று அழைப்பது ஜின்களைத்தான் என்றும், 1400 ஆண்டுகளுக்கு முன்பே குர்ஆன் இதை அறிவித்துவிட்டது என்றும் சிலர் பெருமிதத்துடன் கூறுகின்றனர். கேட்பதற்கு இனிமையான இக்கருத்து மார்க்கத்திற்கும் பொருந்தவில்லை, அறிவியலுக்கும் பொருந்தவில்லை என்பதே நமது நிலைப்பாடு.

இரண்டிற்கும் இடையே ஒற்றுமைகள் இருப்பதை நாம் மறுக்கவில்லை. ஜின்கள் மனிதனுக்கு முன்பே நெருப்பிலிருந்து படைக்கப்பட்டவை (15:27). நாம் அவற்றைக் காண இயலாத நிலையில் அவை நம்மைக் காண்கின்றன (7:27). வானத்தை நாடிச் சென்று, அது கடும் காவலால் நிரப்பப்பட்டிருப்பதைக் கண்டதாக ஜின்களே கூறுவதை ஸூரா அல்ஜின் எடுத்துரைக்கிறது (72:8). இவற்றை மட்டும் வைத்துப் பார்த்தால் விண்வெளிப் பயணிகளின் சாயல் தோன்றுவது இயல்பே.

ஆனால் அதே ஸூராவின் மையப்பொருள் வேறு. ஜின்களில் ஒரு கூட்டத்தார் குர்ஆனைச் செவியுற்று ஈமான் கொண்டனர். தம்மில் நல்லோரும் அல்லாதோரும் உண்டு என்று ஒப்புக்கொண்டனர். மனிதனைப் போலவே அவர்களும் அல்லாஹ்வை வணங்குவதற்காகப் படைக்கப்பட்டவர்கள் (51:56). மறுமையில் கேள்வி கணக்கிற்கு உரியவர்கள். அவர்கள் தொலைதூரக் கோளின் குடிகள் என்று குர்ஆன் எங்கும் கூறவில்லை. வஹீயின் வாயிலாகவே அவர்களைப் பற்றி நாம் அறிகிறோம்.

வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றிய பேச்சின் வழி இதுவன்று. 1947 ஜூன் 24 அன்று அமெரிக்க விமானி கென்னத் அர்னால்ட், ரெய்னியர் மலையருகே ஒன்பது பொருள்கள் விரைந்து பறந்ததைக் கண்டதாகக் கூறினார். பறக்கும் தட்டு என்னும் பெயரை அதன்பின் பத்திரிகைகள் பரப்பின. இதற்குத் தொடர்பின்றி, 1960இல் ஃபிராங்க் டிரேக் வானொலித் தொலைநோக்கியை இரு விண்மீன்களின் பக்கம் திருப்பிச் செவிமடுத்தார். 1995இல் சூரியனையொத்த விண்மீன் ஒன்றைச் சுற்றும் கோள் கண்டறியப்பட்டது. இன்று அத்தகைய புறக்கோள்கள் 5000க்கும் மேல் உறுதிசெய்யப்பட்டுள்ளன. எனினும் அவற்றில் உயிர் உண்டென்பதற்குச் சான்று கிட்டவில்லை. விளங்காத வான்காட்சிகளை ஆராய நாசா அமைத்த குழுவும், அவை வேற்றுலகிலிருந்து வந்தவை என்பதற்குச் சான்று காணவில்லை என்றே 2023இல் அறிவித்தது.

ஆக, ஒன்று கருவிகளால் தேடி மெய்ப்பிக்கவோ கைவிடவோ வேண்டிய யூகம். மற்றொன்று மறைவானவற்றின் மீதான நம்பிக்கை. வானங்களிலும் பூமியிலும் உயிரினங்களைப் பரப்பியிருப்பதாக அல்லாஹ் அறிவிக்கின்றான் (42:29). எனவே வேறொரு கோளில் உயிர் கண்டறியப்பட்டால் நமது ஈமான் அதிரப்போவதில்லை, கண்டறியப்படாவிட்டால் குறையப்போவதுமில்லை. அதற்காக ஜின்களுக்கு விண்கலம் செய்து கொடுக்க வேண்டிய தேவை நமக்கில்லை.

காலத்தின் அறிவியலுக்கேற்ப ஜின்களை உருமாற்றும் முயற்சி புதிதன்று. 19ஆம் நூற்றாண்டில் ஸர் ஸையித் அஹ்மத் கான், ஜின்கள் என்பது காடுகளில் வாழ்ந்த நாகரிகமற்ற மனிதரைக் குறிக்கும் என்றார். பின்னர் ரஷீத் ரிழா, கண்ணுக்குத் தெரியாத நோய்க்கிருமிகளும் ஜின்களில் ஒரு வகையாக இருக்கலாம் என்றார். அன்று நோய்க்கிருமி, இன்று வேற்றுக்கிரகவாசி. வஹீயை மாறிவரும் யூகங்களோடு பிணைத்துவிட்டால், யூகம் வீழும் நாளில் நம் பிள்ளைகள் வஹீயையும் ஐயுறுவார்கள். இதுவே நம்மை அஞ்சவைக்கிறது.

இதன் விளைவு அன்றாட வாழ்விலும் உண்டு. உறக்கத்திலிருந்து விழிக்கும் வேளையில் உடல் அசையாது, நெஞ்சை எவரோ அழுத்துவதாகத் தோன்றும் நிலையை மருத்துவர்கள் உறக்க முடக்கம் என்கின்றனர். அமெரிக்காவில் சிலர் அதை வேற்றுக்கிரகவாசிகள் தம்மைக் கடத்தியதாக எண்ணினர். நம்மூரில் அமுக்குவான் பேய் என்றும் ஜின் என்றும் சொல்கின்றனர். அச்சம் முற்றியதும், ஜின் விரட்டுவதாகக் கூறிப் பணம் பறிப்போரின் வாசலில் குடும்பமே நிற்கிறது. மனிதரில் சிலர் ஜின்களிடம் பாதுகாவல் தேடியதால் வழிகேடே பெருகியது என்று குர்ஆன் எச்சரித்த நிலை இதுவன்றோ (72:6)? ஸுலைமான் (அலை) அவர்களின் மரணத்தைக்கூட அறியாமல் உழைத்துக்கொண்டிருந்த ஜின்களுக்கு (34:14) மறைவானவை தெரியும் என்று நம்புவது எவ்வளவு பெரிய பேதைமை!

நோயுற்றால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். ஆயத்துல் குர்ஸியை ஓதி அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடுவோம், மருத்துவரையும் நாடுவோம். வானியல் கற்க விரும்பும் பிள்ளையைத் தடுக்காமல் தொலைநோக்கியருகே அழைத்துச் செல்வோம். ஜின்களைப் பற்றி அப்பிள்ளை வினவினால், அல்லாஹ் அறிவித்த அளவோடு நிறுத்திக்கொள்வோம். அதற்கு மேல் உள்ளதை அல்லாஹ்வே நன்கறிந்தவன்.